கலத்தை அழைத்த விளக்கு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)

சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, சுருக்கமாகவே பேசுகிறேன்.

'கலங்கரை விளக்கம்' என்ற சொல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் 'கரைதல்'தான் இதிலும். கலத்தைக் கூப்பிடும் விளக்கு. என்ன அருமையான பெயர் பாருங்கள்!

நம்ம கடலூர், சிதம்பரம் கரையோரத்தில் மலை கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கோடுதான். அப்போ பரங்கிப்பேட்டைக்கு வந்த கப்பல்காரன் எதை வைத்துக் கரையை அடையாளம் கண்டான்? சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களை வைத்துத்தான்! பழைய ஆங்கில மாலுமிக் கையேடுகளில் இந்தக் குறிப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 மீட்டர் உயரத்து உச்சி சுமார் 22 கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரியும். கடலோ நம் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

சரி, இருட்டிவிட்டால்? அதற்குத் தீ வேண்டும். சென்னைக் கோட்டையில் 1796-ல் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். புதுச்சேரியில் 1836 ஜூலை 1 அன்று விளக்கு எரிந்தது. 1979-ல் புது விளக்கு வந்ததும் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆனாலும் கோபுரம் கடற்கரையில் இன்றும் நிற்கிறது. 1844-ல் ஏற்றிய சென்னையின் இரண்டாவது விளக்குத் தூணும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது தெற்கே, கோடியக்கரையில் இருந்தது. கிழக்கே பார்த்த கரை மேற்கே திரும்பும் முனை அது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர் என்றால் புரியும். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் கோபுரம், சிதைந்த நிலையிலாவது நின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அதுவும் போயிற்று.

அன்று நம் மாவட்டத்தில் தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் உயிர்கள் போயின. செங்கல்லைப் பற்றிப் பேச யாருக்கு மனம் வரும்? அது நியாயம்தான். நான் கேட்பது அதற்கு முந்தைய வருஷங்களைப் பற்றி. நகரத்து நடுவே நிற்கும் விளக்கைப் பார்க்க நாலு பேர் வருவார்கள், பழுதானால் சத்தம் போடுவார்கள். கோடியில் நிற்பதற்கு யார் இருக்கிறார்கள்?

தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடலூர்த் துறைமுகம், புனித டேவிட் கோட்டை, பரங்கிப்பேட்டை என்று விடுமுறையில் போய்ப் பாருங்கள். பழைய கட்டடம் எது நின்றாலும் நாடா பிடித்து அளந்து, படம் எடுத்து, கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். கட்டடத்தைக் காப்பாற்ற நம்மால் முடியுமோ முடியாதோ, அளவைக் காப்பாற்ற முடியும். செலவு ஒரு பஸ் டிக்கெட்தான். அதையும் பழைய மாணவர்களாகிய நாங்கள் தருகிறோம்!