சதுரக் கட்டியும் வளைந்த மரக்கலமும்



மும்பையில், மாதுங்காப் பகுதியில், எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர் ஒருநாள் மாலை என்னைக் காண வந்தார். அறையின் வாயிற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்க இடமில்லை. தரையெங்கும் சிறு கிண்ணங்கள். கிண்ணம் நிறையக் கறுப்பும் பழுப்பும் மஞ்சளுமான பிளாஸ்டிக் கட்டிகள்.

"பேரன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறதே சார், இன்னும் இங்கே விளையாடுவது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"இந்த வயதில் இது எதற்கு சார்?" என்றார். அக்கேள்விக்கு அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இன்று உங்கள் முன்னிலையில் சொல்ல முயல்கிறேன்.

லெகோ என்னும் பெயரால் உலகெங்கும் வழங்கும் அக்கட்டிகளை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கட்டியின் தலையிலும் சிறு குமிழ்கள் உண்டு. அடியில் உட்குழிவும் குழல்களும் உண்டு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பற்றிக்கொள்ளும், இழுத்தால் பிரிந்துவிடும். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்பவர் 1932-ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். அவர் தொழிலால் தச்சர். அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் பிளாஸ்டிக்குக்கு மாறி, இன்றுள்ள கட்டியின் அமைப்புக்கு 1958-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரியது.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் ஆறினை எத்தனை வகையாக இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். விடை, 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறு கட்டிகளுக்கே இவ்வளவு என்றால், பல்லாயிரம் கட்டிகளுக்குள் எத்தனை வீடுகளும் கோட்டைகளும் உறங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் வீடும் கோட்டையும் நேர்கோட்டால் ஆனவை. கட்டிக்கு அவை இயல்பு. கப்பலோ அவ்வாறன்று. பழைய பாய்மரக் கப்பலின் உடலில் நேர்கோடு என்று ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. தளம் நடுவில் தாழ்ந்து இரு முனையிலும் உயரும். பக்கச் சுவர் நீர்மட்டத்துக்கு மேலே உள்நோக்கிச் சாயும். பீரங்கிகளின் பாரம் கப்பலின் நடுவை நெருங்கி அமைய வேண்டும் என்பது அதற்கொரு காரணம். நீருக்கடியில் உடல் முன்னும் பின்னும் ஒடுங்கும். எல்லாம் சதுரமான ஒன்றைக் கொண்டு, எல்லாம் வளைவான ஒன்றைச் செய்ய வேண்டும். இக்கலையின் சிரமமும் சுவையும் இதுவே.

நான் எடுத்துக்கொண்ட கப்பல் 'திரிங்கோமலி'. இலங்கைத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அப்போர்க்கப்பல் கட்டப்பட்டது இங்கே, அந்நாளில் பம்பாய் என வழங்கிய இந்நகரில். அக்காலத்தில் இங்கிலாந்தில் கப்பலுக்கான ஓக் மரம் அருகிப்போயிற்று. நம் நாட்டுத் தேக்கோ கடல்நீருக்கும் புழுவுக்கும் எளிதில் இடங்கொடாதது. ஆதலால் ஆங்கிலேயர் பம்பாயை நாடினர். இங்கே வாடியா குடும்பத்தைச் சேர்ந்த பார்சித் தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டி வந்தனர். இலண்டனிலிருந்து வந்த வரைபடத்தைக் கொண்டு, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் 1816-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறக்கப்பட்டது. நான் தினமும் பேருந்தில் கடந்து செல்லும் ஊரில் இவ்வளவு பெரிய வேலை நடந்தது என்பதை அறுபது வயது கடந்தபின்பே அறிந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேலையின் முதற்படி அளவுக் கணக்கு. லெகோ உலகத்து மனிதப் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். கப்பலை நாற்பதில் ஒரு பங்காகச் செய்தால் அப்பொம்மை 160 சென்டிமீட்டர் உயர மாலுமியாகக் கணக்காகும். பருமனில் மட்டும் அவர் சற்று மிகையானவர். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மில்லிமீட்டர். ஆகவே ஒரு குமிழ் கப்பலில் 32 சென்டிமீட்டருக்குச் சமம். பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 46 மீட்டர்; அது 143 குமிழ் ஆயிற்று. அகலம் 12 மீட்டருக்குச் சற்று மேல். அது 38 குமிழ். ஆனால் ஏரா என்று தச்சர் சொல்லும் அடிமரம் நட்ட நடுவில் ஒரு குமிழ் அகலத்தில் ஓட வேண்டும். இருபுறமும் சமமாக வர வேண்டுமானால் அகலம் ஒற்றைப்படையாதல் வேண்டும். 39 குமிழாக்கினேன். கப்பல் ஏறத்தாழ ஓரடி பருத்தது. வாடியாவின் தச்சர்கள் மன்னிப்பார்களாக.

வளைவைப் பெறுவதற்கு வழிகள் சில உண்டு. கட்டியின் மூன்றில் ஒரு பங்கு உயரமே உள்ள தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் சற்றே வெளியே தள்ளி அடுக்கிச் செல்வது ஒரு வழி. எட்டி நின்று பார்த்தால் வளைவு. கிட்ட வந்தால் குளத்துப் படிக்கட்டு. இரண்டாவது வழி, கட்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பது. இதற்கு ஒரு சிறு கணக்கு துணை செய்கிறது. தகட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். இரண்டு குமிழின் நீளமும் 16 மில்லிமீட்டரே. ஆகவே நிமிர்ந்த கட்டியும் படுத்த கட்டியும் ஒன்றோடொன்று பிசகின்றிப் பொருந்தும். மூன்றாவது வழி, வங்கு எனப்படும் விலா எலும்புகளை முதலில் நிறுத்தி, நீண்ட தகடுகளை அவற்றின்மேல் போர்த்துவது. நீண்ட தகடுகளின் வரிசை சிறிதளவு வளைந்து கொடுக்கும். மரக்கப்பல் கட்டுவோர் முறையும் ஏறக்குறைய இதுவே. நான் நடுவுடலுக்கு மூன்றாவதையும், முனைகளுக்கு முதலாவதையும் கைக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் உடல் முடிந்தது. பக்கத்துக்குப் பதினான்கு பீரங்கி வாயில்களும் சீராக அமைந்தன. விடுமுறைக்கு வந்த பேரன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தரையில் படுத்து, மேசை விளிம்பு வழியாகக் கப்பலின் அணியத்தை, அதாவது முன்முகத்தை, நெடுநேரம் நோக்கினான். பிறகு, "தாத்தா, இந்தக் கப்பல் தண்ணீரைக் கிழிக்காது, தள்ளும்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வரைபடத்தை மீண்டும் விரித்தேன். அக்காலக் கப்பலின் முன்முகம் மேலே உருண்டிருக்கும். நீருக்கடியில் படிப்படியாகக் கூர்மை பெறும். மேலேயுள்ள உருட்சி எனக்குக் கைகூடியதால், அதையே கீழேயும் தொடர்ந்திருந்தேன். கீழே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறே விட்டிருந்தால் வந்து போகும் விருந்தினர் எவரும் குறை கண்டிருக்கமாட்டார். ஆனால் கண்டவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வயது பதினொன்று. நான் அன்று என்ன செய்கிறேன் என்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவருமாக அமர்ந்து முன்பகுதி முழுவதையும் ஏரா வரை கலைத்தோம். கலைக்க ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. மறுபடி கட்ட மூன்று மாதம் பிடித்தது. ஆனால் ஒரு கட்டியும் வீணாகவில்லை. மரத்தில் தவறாக வெட்டிய பலகை விறகுக்குத்தான் ஆகும். இங்கே பசை இல்லை. ஆகவே தவறு நிரந்தரமன்று. இக்கட்டி எனக்குக் கொடுத்த முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் பாய்மரத்தில் கிடைத்தது. கட்டிகளை அடுக்கி எழுப்பிய மரம் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டு இழுப்பைத் தாங்காது, பொருத்தில் பிரிந்துவிடும். மூன்று பாய்மரங்களை எழுப்பிக் கயிறு கட்டத் தொடங்கினேன். ஒரு பக்கத்துக் கயிற்றை இறுக்கினால் மரம் அப்பக்கம் சாய்ந்தது. மறுபக்கத்தை இறுக்கினால் மறுபுறம் சாய்ந்தது. இரு பக்கமும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கிய பிறகே நிமிர்ந்து நின்றது. கயிறுகள் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்த, கட்டிகள் முன்னிலும் உறுதியாகப் பற்றிக்கொண்டன.

எனினும் ஒரு தொல்லை தீரவில்லை. கப்பலின் மூக்குப்போல் முன்னே நீண்டிருக்கும் சாய்மரம், முன்பாய்மரத்துக் கயிற்றைக் கட்டிய மறுநாளே மேல்நோக்கிப் பெயர்ந்து வந்துவிடும். மூன்று முறை இவ்வாறு நேர்ந்தது. பசை தடவிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்பொழுது வரைபடத்தில் ஒரு கோடு கண்ணிற் பட்டது. சாய்மரத்தின் நுனியிலிருந்து கீழே நீர்மட்டத்தருகே அணியத்தின் விளிம்புக்கு ஒரு கயிறு செல்கிறது. அதை நான் அலங்காரம் என்று எண்ணி விட்டிருந்தேன். கட்டிப் பார்த்தேன். மேலே இழுக்கும் விசையைக் கீழே இழுக்கும் விசை ஈடு செய்தது. சாய்மரம் பிறகு அசையவில்லை.

உண்மைக் கப்பலிலும் அக்கயிறு செய்யும் வேலை அதுவே. முன்கயிறு முன்பாய்மரத்தைப் பிடிக்கிறது. சாய்மரம் அம்முன்கயிற்றைப் பிடிக்கிறது. சாய்மரத்தைக் கீழ்க்கயிறு பிடிக்கிறது. பழங்கப்பலின் படத்தைப் பார்க்கும்போது சிலந்திவலைபோல் தோன்றும் கயிறுகளில் நோக்கமின்றி ஓடுவது ஒன்றுமில்லை. பசை தடவியிருந்தால் என் கப்பல் நின்றிருக்கும். அக்கயிறு எதற்கு என்பது மட்டும் எனக்கு என்றுமே தெரிந்திராது.

இன்று கணிப்பொறித் திரையிலேயே கட்டிகளை அடுக்கிப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. முன்கூட்டித் திட்டமிட அது மிகப் பயன்படுகிறது. ஆனால் திரையில் கட்டிக்கு எடை இல்லை. திரையில் கம்பீரமாக நின்ற கலம் மேசையில் இடுப்பொடிந்து விழுவதுண்டு. கையில் எடுத்துத்தான் பாரத்தை அறிய வேண்டும். அவ்வாறே, கட்டி முடித்த கலத்தை அறையின் கதவு வழியே வெளியே கொண்டுசெல்ல முடியுமா என்பதையும் தொடங்கும் முன்பே அளந்துகொள்ளுதல் நலம். என் கப்பலை மூன்று துண்டுகளாகப் பிரிக்கும்படி அமைத்திருக்கிறேன். சாளரத்து வெயிலும் ஆகாது. வெள்ளைக் கட்டிகள் நாளடைவில் மஞ்சளித்துப் போகும்.

நேயர்களே, வாடியாவின் தச்சர்கள் கட்டிய அக்கப்பல் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கலமாக விளங்கி, 1990 முதல் 2001 வரை இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் செப்பனிடப்பெற்று, அங்கேயே நிற்கிறது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுள் இன்றும் மிதப்பனவற்றில் மிகப் பழமையானது அதுவே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்நகரத்துக் கைகள் பொருத்திய தேக்கு அதில் இன்னும் இருக்கிறது. நான் அந்தக் கப்பலை நேரிற் கண்டதில்லை. ஆனால் அதன் அணியம் ஏன் ஒடுங்குகிறது, அதன் கயிறு ஏன் கீழே செல்கிறது என்பதை என் விரல்கள் அறியும்.

என் கப்பல் அவ்வளவு நாள் இராது. அடுத்த விடுமுறையில் பேரன் வருகிறான். அவனுக்கு ஒரு கலங்கரை விளக்கம் கட்ட வேண்டுமாம், கட்டிகள் போதவில்லையாம். கப்பலைக் கலைத்துத் தருவதாக வாக்களித்திருக்கிறேன். அடுத்த வீட்டு நண்பர் இதைக் கேட்டதும், "ஐயோ, இவ்வளவு பாடுபட்டதைக் கலைப்பதா சார்?" என்று பதறினார். எதற்கு இந்த வேலை என்று முன்னர்க் கேட்டவரும் அவரே.

கலைக்கும் நாளில் அவரையும் அழைத்திருக்கிறேன். கறுப்புக் கட்டிகளைத் தனியே பிரித்துக் கொடுக்க ஒரு கை கூடுதலாக வேண்டும்.