புது வண்டியா, பழைய வண்டியா? முதலில் நடைக்கணக்கு!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



காய்கறி வியாபாரம் செய்கிற நமது குழுக்கள், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகச் சொந்தமாக ஒரு குட்டி யானை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். "வாடகைக்குக் கொடுக்கிற காசில் நாமளே டியூ கட்டிடலாமே" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் புதுசா, பழசா என்று பேசும் முன் நம்ம நோட்டை எடுத்து, மாதம் எத்தனை நடை போகிறோம் என்று பாருங்க.

ஒரு பேச்சுக்கு, நடைக்கு 1,200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டி என்றாலும் டீசல், டிரைவர் கூலி 700 ரூபாய் ஆகும். மிச்சம் 500. மாதம் 12 நடை போனால் 6,000 ரூபாய்.

பழைய வண்டிக்கு 2 லட்சம் கடன், 3 வருடத் தவணை, 12 சதவீத வட்டி என்றால் மாத டியூ சுமார் 6,640 ரூபாய். புது வண்டிக்கு 5 லட்சம் கடன், 5 வருடம், அதே வட்டி என்றால் சுமார் 11,120 ரூபாய். அப்போ 12 நடைக்கு இரண்டுமே கட்டுப்படியாகாது. வாடகை வண்டிதான் லாபம்.

25 நடை கிடைத்தால் 12,500 மிஞ்சும். பழைய வண்டியில் டியூ போக 5,800 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும். ரிப்பேர், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அதில்தான் பார்க்கணும். புது வண்டியில் 1,400 கூட நிற்காது. தினமும் தவறாமல் ஓட்டம் இருக்கு, ஒரு நாள் வண்டி நின்றாலும் சரக்கு அழுகிவிடும் என்கிற நிலை வந்தால் புதுசைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. வட்டி எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதீங்க. எப்படிப் போடுறாங்க என்றும் கேளுங்க. நான் சொன்னது குறைந்து வரும் அசலுக்கான வட்டி. அதில் 2 லட்சத்துக்கு 3 வருட வட்டி சுமார் 39,000. 'பிளாட் ரேட்' என்றால் அதே 12 சதவீதத்துக்கு 72,000 ரூபாய்!

பழைய வண்டி என்று முடிவானால், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை நாமே கூட்டிப் போகணும். விற்கிறவர் அழைத்து வருகிறவர் வேண்டாம். இன்ஜின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்கணும். எஃப்.சி. தேதியையும் பாருங்க. சரக்கு வண்டிக்கு 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. எடுக்கணும். அந்தச் செலவும் கணக்கில் வரணும்.

ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பதிவு இருந்தால், அந்தக் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீங்க. பழைய ஓனர் கட்டாத கடனுக்கு நம்ம வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கியதோடு நின்றுவிடக் கூடாது. வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்கணும். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கு. நாளைக்கு இந்த வண்டியை நாம் விற்கும்போதும் இதை மறந்துடாதீங்க.

கடைசியாக, யார் பேரில் வாங்குவது? கடன் நம்ம பேர்ல, ஆர்.சி. மட்டும் வீட்டுக்காரரின் தம்பி பேர்ல என்றால், டியூ நமக்கு, வண்டி அவருக்கு! கூட்டமைப்பு பதிவு பெற்றிருந்தால் அதன் பேரிலேயே வாங்கலாம். இல்லையென்றால் கடன் வாங்கும் உறுப்பினர் பேரில் வாங்குங்க. யார் பேரில், யார் ஓட்டுவது, வசூல் யாரிடம் வருவது என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று மாத நடைக்கணக்கைக் கொண்டு வாங்க. அதை வைத்து முடிவு செய்வோம்.