விரல் மடங்குவதற்கு முன்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முடக்கு வாதம் பற்றிப் பேசச் சொன்னார்கள். "வயசானா வர்ற மூட்டு வலிதானே டாக்டர்?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். இல்லை. வயதில் வருவது தேய்மானம். இது, நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குவது. முப்பது, நாற்பது வயதிலேயே வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம்.

காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் விறைத்திருக்கும். டபராவைப் பிடிக்க முடியாது. தேய்மான விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். இது ஒரு மணி நேரம்கூட நிற்கும். மாணவர்களே, அம்மா தினமும் காலையில் "இந்த மூடியைத் திறந்து குடுடா" என்றால் அவர் விரல் கணுக்களைப் பாருங்கள். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இதே மாதிரி வலி மாதக்கணக்கில் நிற்பதுண்டு. ஆகவே ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரை நம் ஊரில் பலருக்குத் தெரியும். 1919இல் இறந்தார். கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த நோய்தான். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிவிட, துணி சுற்றிய கையில் தூரிகையை வைத்து வரைந்தார். மன உறுதி என்று புகழ்கிறோம், சரி. அவர் காலத்தில் மருந்து இல்லை. இன்று கையில் இருக்கிறது. நாமோ வலி மாத்திரையிலும் பெயர் இல்லாத சூரணப் பொட்டலத்திலும் ஒரு வருஷத்தைத் தொலைக்கிறோம். அந்தப் பொட்டலம் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். வலி பறந்துவிடும், மூட்டு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். அரித்த எலும்பு திரும்பாது. முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம்.

முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். விலை குறைவு. வேலை காட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "கேக்கலையே" என்று பாதியில் விடாதீர்கள். முக்கியமாக, இது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுவது. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது, குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மதுவும் ஆகாது (நம்ம ஊரில் இதைச் சொல்லாமல் இறங்க முடியுமா!). புகையையும் விடுங்கள்.

கோரிமேட்டில் நம் ஜிப்மரிலேயே இதற்கென்று கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது.

"வலி போயிடுச்சே, நிறுத்திடலாமா?" என்று கேட்பீர்கள். திடீரென நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வருகிறது. டாக்டர் சொல்லி, மெதுவாகக் குறைக்கலாம்.