மூட்டையும் மணலும்



முதுகிலே ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கடலோரமாகவே பல நாள் நடப்பது என்றால், கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஒரு புறம் நீலக் கடல், மறுபுறம் பனையும் தாழையும். இடையிலே நடக்க நமக்கென்றே விரித்தாற்போன்ற மணற்பரப்பு. இப்படி எண்ணிக்கொண்டுதான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், நானும் என் நண்பர் ஒருவரும் பூம்புகாரிலிருந்து கோடிக்கரைக்குக் கால்நடையாகப் புறப்பட்டோம். அந்தப் பயணத்தின் மேடு பள்ளங்களைப் பற்றியே இன்று உங்களோடு பேசப் போகிறேன். எது மேடு, எது பள்ளம் என்பது நடக்கும்போது எங்களுக்குத் தெரியவில்லை. நடந்து முடித்த பிறகே தெரிந்தது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரிலிருந்து தெற்கே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரணியம் ஆகிய ஊர்கள் கரையோரமாக வரிசையாக அமைந்துள்ளன. கோடிக்கரையில் நிலம் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. நேர்கோட்டில் அளந்தால் 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் காவிரித்தாய் கடலை ஒரே வாயிலால் சேருவதில்லை. பல கிளைகளாகப் பிரிந்து பல வாயில்களால் சேருகிறாள். ஒவ்வொரு முகத்துவாரமும் நடப்பவனை வழிமறிக்கிறது. படகு கிடைத்தால் கடக்கலாம். இல்லையேல் பாலம் இருக்கும் இடம்வரை உள்நாட்டில் நடந்து சுற்றி வரவேண்டும். காலமும் பார்த்துப் புறப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். சித்திரையில் கொடும் வெயில். ஆகவே தையும் மாசியுமே கடலோர நடைக்கு உகந்த மாதங்கள்.

இனி மூட்டையைப் பற்றி. புறப்படும்போது என் மூட்டை 15 கிலோ இருந்தது. அடுப்பு, பாத்திரம், கூடாரம், இரண்டு சோடிக் காலணி, நான்கு புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன. நண்பருடைய அன்னையார் கொடுத்தனுப்பிய மூன்று கிலோ அரிசி வேறு! முதல் நாள் நண்பகலுக்குள் தோளில் பட்டை அழுத்திய இடம் கன்றிவிட்டது. வியர்வையின் உப்பும் காற்றின் உப்பும் சேர்ந்து அந்தப் புண்ணை எரித்தன. காலணிக்குள் புகுந்த மணல் குதிகாலை அரத்தைப்போல் அராவியது. மூன்றாம் நாள் காரைக்கால் அஞ்சலகத்தில் பாதிப் பொருள்களைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு அனுப்பினோம். அரிசியை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். மீதி ஆறு கிலோ. 'இது இல்லாமல் எப்படி?' என்று நாங்கள் கவலைப்பட்ட பொருள்களில் ஒன்றையேனும் அதன்பின் தேடியதாக எனக்கு நினைவில்லை.

மணலில் நடப்பதும் ஒரு கல்விதான். உலர்ந்த மணலில் கால் புதையும். ஓரடி வைத்தால் அரையடி பின்னே இழுக்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலோ சாலையைப்போல் கெட்டியாக இருக்கும். ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், நாள் முழுவதும் நடந்தால் ஒரு பக்கத்து இடுப்பு நோகும். ஆகவே விடியுமுன் எழுந்து, ஒன்பது மணிவரை வெறுங்காலோடு நடந்து, பிறகு நிழல் தேடிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் அந்த மணலில் கால் வைக்க முடியாது. இதையெல்லாம் எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

தண்ணீரைப் பற்றியும் அவர்களே கற்பித்தார்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மணல்மேட்டின் அடிவாரத்தில் ஊற்றுத் தோண்டி இனிய நீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இது எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அந்த நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது அறிவியல் கணக்கு. ஆனால் ஆழமாகத் தோண்டினாலும் மிகுதியாக இறைத்தாலும் உப்பு மேலேறிவிடும். "அள்ளிக் குடிக்கலாம், தம்பி, ஆசைப்பட்டு இறைக்கக் கூடாது" என்றார் ஓர் அம்மையார். கல்லூரியில் நான் படித்த பாடம்தான். அன்றுதான் அது எனக்கு விளங்கியது.

வைகறையில் அலை ஓரத்திலிருந்து மேட்டுவரை ஒரு வண்டித்தடம் போன்ற அடையாளம் தெரியும். அது பங்குனி ஆமை இரவில் ஏறிவந்து முட்டையிட்டுத் திரும்பிய தடம். அடுத்த ஒரு கல் தொலைவில் அதே இனத்து ஆமை ஒன்று செத்து ஒதுங்கிக் கிடப்பதையும் கண்டோம். இன்பமும் துன்பமும் இப்படி அடுத்தடுத்தே வந்தன.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்னும் நிற்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். அருகிலே பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அந்த ஊரில் என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தவர் சீகன்பால்கு. 1706-இல் கடல் கடந்து வந்து இறங்கிய அந்த ஜெர்மானியர், தமிழ் கற்க விரும்பியபோது சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார் என்பது வரலாறு. ஒன்பது ஆண்டுகளில், அதாவது 1715-இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். அந்நிய மண்ணில் இறங்குகிறவன் முதலில் மாணவனாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? 'நாமும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்' என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமை மூன்று நாள்தான் நீடித்தது.

நாகப்பட்டினத்தை அடைந்தோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கரையோரத்தில் அடித்தளம் மட்டும் எஞ்சிய வீடுகளைக் கண்டோம். புதிய குடியிருப்புகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருந்தன. ஆனால் படகும் வலையும் கரையில்தான். கடலை அவர்கள் பகைக்கவும் இல்லை, நம்பிவிடவும் இல்லை.

வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு முகத்துவாரம். காலை எட்டு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்தோம். எதிர்க்கரை கண்ணுக்கெதிரே, ஐம்பது அறுபது கெசத் தொலைவில் தெரிந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும்போல் தோன்றியது. வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"தம்பி, இப்ப இறங்காதீங்க. தண்ணி வத்துற நேரம். ஓரத்துல முழங்கால்தான், நடுவுல இழுக்கும். மத்தியானத்துக்கு மேலே ஏத்தம் வரட்டும். நானே கொண்டுபோய் விடுறேன்."

நம் கிழக்குக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிதன்று. ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் கெட்டேன். உள்ளே பரந்து கிடக்கும் உப்பங்கழி முழுவதும் அந்த ஒரு குறுகிய வாய் வழியாக வடியும்போது என்ன வேகம் கொள்ளும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க மனமில்லை. "மெதுவாகப் போய்விடுகிறோம், ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

பாதிவரை ஒன்றும் இல்லை. அதன்பின் காலடி மணல் கரைந்து ஓடத் தொடங்கியது. எனக்கு முன்னே சென்ற நண்பர் இடுப்பளவு நீரில் தடுமாறினார். அடுத்த கணம் அவருடைய தலை மட்டுமே தெரிந்தது, அதுவும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தினேன். வேறு எதுவும் செய்ய எனக்குத் தெரியவில்லை. முதியவருடைய மகன், கரையில் கிடந்த சிறு படகை இன்னொருவரோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு பாய்ந்தார். அலை உடையும் இடத்தில் படகு ஒருமுறை செங்குத்தாக நிமிர்ந்தது. கவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். நண்பரின் மூட்டை கடலுக்குள் போயிற்று. நண்பர் பிழைத்தார்.

அன்றிரவு அந்த முதியவர் வீட்டில்தான் தங்கினோம். சோறும் மீன்குழம்பும் இட்டார்கள். ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. மகனுடைய சிறு பெண்குழந்தை எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு, "வீட்டில் யார் யார் இருக்காங்க, தம்பி?" என்று முதியவர் கேட்டார். சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா, உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

நேயர்களே, அவர் தம் மகனைப் பற்றிப் பேசவில்லை. என் அவசரத்துக்காக அலையில் பாய்ந்த அந்த இளைஞருக்கு ஒன்று நேர்ந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் பணம் கொடுக்க முற்பட்டபோது அந்த இளைஞர் கையை விலக்கிவிட்டு, எங்களை எதிர்க்கரையில் இறக்கிவிட்டுப் போனார். பணத்தால் தீர்க்கக்கூடிய கடன் அன்று அது.

வேதாரணியத்தை நெருங்கும்போது, 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் அந்த மண்ணை நோக்கி நடந்த வேறொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தார். 30-ஆம் நாள் உப்புச் சட்டத்தை மீறினார். நடப்பவர்களுக்கு உணவோ உறைவிடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைக் கட்டி, வழியிலுள்ள மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள்! நாட்டுக்காக நடந்தவர்களுக்கு அது தகும். வேடிக்கை பார்க்க நடந்த எங்களுக்கும் அந்தக் கரையோரம் தண்ணீரும் சோறும் உயிரும் கொடுத்ததே, அதற்கு நாங்கள் என்ன தகுதி பெற்றிருந்தோம்?

எட்டாம் நாள் மாலை கோடிக்கரையை அடைந்தோம். 1967-இல் சரணாலயமான அந்தக் காட்டில் வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சதுப்பு நீரில் பூநாரைகள் சில இன்னும் நின்றன. அழகான காட்சிதான். ஆயினும், அந்தப் பயணத்தை நினைக்கும்போது என் கண்முன் வருவது அந்தக் காட்சியன்று. வலையைக் கீழே வைத்துவிட்டுக் கையமர்த்திய முதியவரின் முகமே.

மாணவ நண்பர்களே, நீங்களும் நடந்து பாருங்கள். நாட்டைக் காலால் அறிவதற்கு ஈடான கல்வி வேறில்லை. மூட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் நடங்கள். ஊருக்குள் நுழையும்போது கேட்டு நுழையுங்கள். அந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவர் 'வேண்டாம்' என்று சொன்னால், உங்களுடைய படிப்பையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பிற்பகலில் ஏற்றம் வரும், படகும் வரும். காத்திருக்கக் கூடாத அவசரம் கடலோரத்தில் நடப்பவனுக்கு என்ன இருக்கிறது?

மூட்டை போன பிறகு என் நண்பர் என்னைவிட வேகமாக நடந்தார் என்பதையும் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.