சிக்கன் பை: மேலோட்டைக் கவனியுங்கள்

ஈப்போ பேரங்காடியில் வாங்கிய சிக்கன் பையைச் சூடாக்கிப் பசியாறப் போகிறீர்களா? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

உள்ளே கோழி இருந்தாலும் கலோரி மிகுந்திருப்பது மேலோட்டில்தான். மாவில் கொழுப்பு நிறையச் சேர்ந்தால்தான் அது பொலபொலவென்று உதிரும். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி; புரதத்துக்கு 4தான். 100 கிராமுக்குப் போட்ட கணக்கை முழுப் பைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சுங்கை சிப்புட் தோட்டங்களில் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போனவர்களைப் போல் இத்தனை கலோரியைச் செலவழிக்கும் உழைப்பு இன்று நமக்கில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பாதிப் பை போதுமே. கூடவே வெள்ளரிக்காய் நறுக்கி வையுங்கள்.