களவுக்குப் பின் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இவ்விழாவிலே இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு, அன்றாட வாழ்வோடு ஒட்டிய ஒரு செய்தியையும் சிறிது நேரம் எண்ணிப் பார்ப்போம். இணையத்தின் வழியே வஞ்சகர் நம் சொந்த விவரங்களைக் கவர்ந்துகொண்டால், அதன்பின் நாம் செய்யத்தக்கது யாது என்பதே அது. வருமுன் காப்பதைப் பற்றிப் பேசுவோர் பலர். வந்தபின் செய்வதைச் சொல்வோர் சிலர். ஆதலின் பின்னதையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

முற்காலத்துக் களவு கண்ணுக்குத் தெரிந்தது. பூட்டு உடைந்திருக்கும், பெட்டி திறந்து கிடக்கும். இக்காலத்துக் களவிலோ, போன பொருள் நம்மிடமே இருக்கிறது. ஆதார் அட்டை பெட்டியிலே பத்திரமாக உள்ளது. கைப்பேசி கையிலே உள்ளது. ஆயினும் அட்டையின் எண்ணும் கடவுச்சொல்லும் எங்கோ ஒருவனிடம் சென்று சேர்ந்துவிட்டன. அவ்வாறு சென்றதைத் திரும்பப் பெறுதல் இயலாது. கள்வனுக்குப் பயன்படாதவாறு செய்தல் இயலும். நாம் ஆற்றவேண்டிய கடமைகள் அனைத்தும் இவ்வொரு கருத்திலே அடங்கும். அதற்கு வேண்டுவது விரைவு. அவ்விரைவுக்குத் தடையாக நிற்பது நாணம்.

பல்லாண்டு பதவி வகித்து ஓய்வு பெற்றவர்க்கு, 'ஏமாந்துவிட்டேன்' என்று மகனிடமும் மருமகளிடமும் சொல்ல நா எழுவதில்லை. ஆனால் வஞ்சகர் நம் நற்பண்புகளையே தம் கருவியாகக் கொள்கின்றனர். அரசு அலுவலர் என்றால் பணிகிறோம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னால் நம்புகிறோம். திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தால் அன்புடன் திறக்கிறோம். அது அழைப்பிதழாக இராமல், நமக்கு வரும் குறுஞ்செய்திகளை வேற்றானுக்கு அனுப்பும் செயலியாக இருத்தலும் உண்டு. இதிலே நாணத்தக்கவன் வஞ்சித்தவனே அன்றோ?

முதற்கடமை, வங்கிக்கு அறிவித்தல். அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் யு.பி.ஐ.யையும் உடனே நிறுத்தச் சொல்லவேண்டும். அதற்குரிய தொலைபேசி எண் அட்டையின் பின்புறத்திலே அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணை இணையத்திலே தேடுதல் கூடாது. தேடுவோர்க்கென்றே போலி எண்களை இட்டு வைத்திருப்போர் உளர்.

பணம் போயிருப்பின், 1930 என்னும் எண்ணை அழைத்தல் அடுத்த கடமை. கவர்ந்த பணத்தைக் கள்வர் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அதிலிருந்து வேறொன்றுக்கும் விரைந்து மாற்றுவர். 1930-இல் பதிவாகும் முறையீடு, காவல்துறையையும் வங்கிகளையும் ஒருங்கே இணைக்கும் அமைப்பின் வழியாகச் செல்கிறது. எந்தக் கணக்கிலேனும் பணம் எஞ்சியிருந்தால் அங்கேயே அதனை நிறுத்தி வைக்க வழியுண்டு. 2019-இல் தொடங்கப்பெற்ற தேசிய சைபர் குற்ற முறையீட்டுத் தளத்திலும் புகாரைப் பதியலாம். வந்த செய்திகளை வெறுப்பினால் அழித்துவிடாமல், அவற்றையும் பரிவர்த்தனை எண்ணையும் சான்றாக வைத்திருத்தல் வேண்டும்.

விரைவுக்குச் சட்டத்தின் நோக்கிலும் மதிப்புண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் விடுத்த சுற்றறிக்கை இதனைத் தெளிவாக்கியது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் குறையின்றி நேர்ந்த இழப்பை, வங்கியின் அறிவிப்புக் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளர்க்கு இழப்பில்லை என்று அது வகுத்தது. இரகசிய எண்ணைத் தாமே பிறரிடம் கூறியவர் நிலை வேறு. அவர் அறிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு அவரைச் சாரும். அறிவித்தபின் நேர்வது வங்கியைச் சாரும் என்றது அவ்வறிக்கை. நாணத்தால் வாய் மூடியிருந்த ஓர் இரவின் விலை யாதென இதனால் உணரலாம்.

பணம் போகாமல் விவரம் மட்டும் போயிருப்பினும் வாளாவிருத்தல் தகாது. ஐயத்துக்குரிய செயலி கைப்பேசியில் ஏறியிருந்தால், அதன் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கருவியின் வழியே கடவுச்சொற்களை மாற்றுக. முதலில் மாற்றவேண்டுவது மின்னஞ்சலின் கடவுச்சொல்லை. மற்றக் கணக்குகளின் திறவுகோல் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறது. கைப்பேசியில் அலைத்தொடர்பு காரணமின்றி அறுந்துபோனால், நம் எண்ணுக்கு வேற்றான் புதிய சிம் அட்டை பெற்றிருத்தல் கூடும். உடனே தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

ஆதார் விவரம் போயிருந்தால், கைரேகையையும் கருவிழிப் பதிவையும் பூட்டிவைக்க ஆதார் ஆணையம் வசதி செய்துள்ளது. நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்னும் வரலாற்றையும் அங்கே காணலாம். உதவிக்குரிய எண் 1947. பூட்டியபின் நமது கைரேகையும் ஏற்கப்படாதாதலின், ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றுக்குக் கைரேகை வைக்குமுன் பூட்டைத் திறத்தல் வேண்டும். பான் எண் போயிருந்தால், நம் பெயரில் யாரேனும் கடன் வாங்கியுள்ளனரா என்பதைக் கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையிலே காணலாம். நம் பெயரில் எத்தனை தொலைபேசி இணைப்புகள் உள்ளன என்பதை, 2023-இல் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளம் காட்டும். நமதல்லாத இணைப்பை அங்கேயே தெரிவிக்கலாம்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. வாழ்வது இந்நகரத்தில், வங்கிக் கணக்கோ கும்பகோணத்திலோ திருநெல்வேலியிலோ இருக்கும். எங்கே முறையிடுவது என்று திகைக்க வேண்டுவதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எப்பகுதியில் நிகழ்ந்திருப்பினும் எக்காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். பிறர் கடவுச்சொல்லையும் அடையாளத்தையும் வஞ்சகமாகப் பயன்படுத்துவோர்க்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

இவ்வளவும் செய்தபின் இரண்டாம் கள்வன் ஒருவன் வருவான். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம். சிறு கட்டணம் செலுத்துக' என்பான். அவனுக்கு ஒரு காசும் கொடுத்தல் ஆகாது. 1930-இல் முறையிடக் கட்டணம் ஏதும் இல்லை.

அன்பர்களே! நம் காலனியிலே மக்களுடன் வந்து தங்கியிருக்கும் முதியோர் பலர். இவ்வூர் மொழி அவர்களுக்குச் சரளமாக வாராது. தொலைபேசியிலே வேற்று மொழிக் குரலைக் கேட்டதும் அஞ்சிப் பேச்சை நிறுத்திவிடுவர். அத்தகையோர் அருகிலே அமர்ந்து, அவர்க்காகப் பேசி, காவல் நிலையத்துக்கும் துணை செல்லும் இளைஞர் நால்வர் ஒவ்வொரு தெருவிலும் முன்வருதல் வேண்டும். சங்கம் செய்யத்தக்க பணிகளுள் இது மிகவும் இன்றியமையாதது.

இல்லங்களுக்கும் ஒரு விண்ணப்பம். தந்தையோ தாயோ நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும்போது, 'எத்தனை முறை சொன்னோம்!' என்று கடியாதீர்கள். கடிந்த வீட்டிலே அடுத்த முறை உண்மை வெளிவராது. வங்கியின் எண்ணையும் 1930-ஐயும் ஒரு தாளிலே பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கருகே ஒட்டுங்கள். 'எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்' என்று இன்றிரவே அவர்களிடம் கூறுங்கள்.