ஒற்றைத் தண்டவாளமும் ஒற்றை நிறுவனமும்

(நகர்ப்புறப் போக்குவரத்து குறித்த கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாநகரம் ஒன்று தனது விரைவுப் போக்குவரத்தை விரிவுபடுத்த முற்படுகையில், மோனோ ரயிலா, மெட்ரோ ரயிலா, இலகு ரயிலா என்ற கேள்வி எழுகிறது. அதனைப் பொறியாளர்களும் ஆலோசனை நிறுவனங்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரமாகவே ஆட்சியாளர்கள் காட்டுகின்றனர். ஆனால் அந்தத் தெரிவு யாருக்காக, யாருடைய பிடியில் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. மும்பை மோனோ ரயிலின் வரலாறு இதற்குச் சான்று.

தொழில்நுட்பத்தை முதலில் நேர்மையாக எடைபோட வேண்டும். மோனோ ரயிலுக்கு இரட்டைத் தண்டவாளம் கிடையாது. தூண்களின் மீது செல்லும் ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தை இருபுறமும் கவ்வியபடி, ரப்பர் சக்கரங்களில் வண்டி ஓடுகிறது. செங்குத்தான ஏற்றங்களையும் குறுகிய வளைவுகளையும் அது எளிதில் கடக்கும். டோக்கியோவிலிருந்து ஹனேடா விமான நிலையத்துக்கு 1964 முதல் மோனோ ரயில் ஓடுகிறது. சீனத்தின் மலைநகரமான சோங்சிங்கில் நாள்தோறும் பல லட்சம் மக்கள் அதில் பயணிக்கின்றனர். அதற்கான வண்டிகளை உள்நாட்டிலேயே தயாரிக்கும் திறனையும் சீனம் வளர்த்துக்கொண்டது. எனவே மோனோ ரயில் என்றாலே தோல்வி என்று கூறுவது சரியன்று.

எனினும் அதன் குறைகள் அற்பமானவை அல்ல. தடம் மாற வேண்டுமானால் கனத்த உத்தரத்தையே நகர்த்தியாக வேண்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், மெட்ரோவில் போல இறங்கித் தண்டவாளத்தின் வழியே நடந்து செல்ல இயலாது. இவற்றினும் பெரிய குறை மற்றொன்று. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள மெட்ரோ தண்டவாளத்திற்குப் பெட்டிகள் செய்து தரப் பல நிறுவனங்கள் உண்டு. மோனோ ரயிலின் உத்தரமோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஒருவரின் உத்தரத்தில் மற்றவரின் வண்டி அப்படியே ஓடாது. வாங்கியவர் விற்றவரிடமே சிக்கிக்கொள்கிறார்.

மும்பையில் நடந்தது இதுவே. 2,500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், லார்சன் அண்டு டூப்ரோவும் மலேசியாவின் ஸ்கோமி நிறுவனமும் கூட்டாக அமைத்த தடம் இது. வடாலா–செம்பூர் பகுதி 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2017 நவம்பரில் மைசூர் காலனி நிலையத்தில் இரு பெட்டிகள் தீக்கிரையாயின. சேவை 2018 செப்டம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. நிதி நெருக்கடியில் மூழ்கிய ஸ்கோமியால் வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் உரியவாறு தர இயலவில்லை. 2018 டிசம்பரில் ஒப்பந்தம் முறிக்கப்பட்டு, பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையமே பொறுப்பை ஏற்றது. ஜேக்கப் சர்க்கிள் வரையிலான மீதித் தடம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஆனால் அப்போது ஓடுவதற்குப் போதிய வண்டிகள் இருக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 19 அன்று பெருமழையால் துறைமுகப் புறநகர் ரயில் தடம் முடங்கியது. வீடு திரும்ப வழியின்றித் தவித்த உழைக்கும் மக்கள் மோனோ ரயிலை நாடினர். 104 டன் தாங்கக்கூடிய வண்டியில் 109 டன் பாரம் ஏறியது என்று ஆணையம் தெரிவித்தது. மின்தொடர்பு அறுந்து, வண்டி உயரத்தில் உறைந்து நின்றது. காற்றும் வெளிச்சமுமின்றித் தவித்த 582 பேரைத் தீயணைப்புப் படையினர் ஏணிகளின் துணையோடு மீட்டனர். அடுத்த மாதம் 20ஆம் நாள், சீரமைப்புக்காக என்று கூறிச் சேவையே நிறுத்தப்பட்டது. கூட்டம் மிகுந்ததே காரணம் என்று பழியை மக்கள் மீது சுமத்துவது எளிது. மக்கள் திரண்டு வரும் நாளில் அவர்களைச் சுமக்க இயலாத ஒன்றை, மக்கள் போக்குவரத்து என்று எவ்வாறு அழைப்பது?

கேரளத்திலும் திருவனந்தபுரம், கோழிக்கோடு நகரங்களுக்கு மோனோ ரயில் திட்டமிடப்பட்டது. ஒப்பந்தப் போட்டியில் இறுதியில் ஒரே நிறுவனக் கூட்டமைப்பு எஞ்சி நின்றது. 2014இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, இலகு மெட்ரோ முன்வைக்கப்பட்டது. போட்டியின்மை அங்கு தொடக்கத்திலேயே வெளிப்பட்டதால் மக்கள் பணம் தப்பியது.

இவற்றோடு கொல்கத்தாவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1972இல் அடிக்கல் நாட்டி, 1984இல் முதல் பகுதியைத் திறந்தது இந்திய ரயில்வே. தாமதம் மிகுதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் தொடக்ககாலப் பெட்டிகள் சென்னை பெரம்பூரின் பொதுத்துறை ஆலையில், இந்நாட்டுத் தொழிலாளர்களின் கைகளில் உருவானவை. அந்தத் தொழிலறிவு நாட்டிலேயே தங்கியது. அயல் நிறுவனம் ஒன்று நொடித்தால் ஊரின் ரயில் நின்றுவிடும் நிலை அங்கு எழவில்லை.

ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கையில் ஒரு முரண்பாடு உள்ளது. பேருந்து, டிராம், இலகு ரயில், மெட்ரோ ஆகிய மாற்றுகளை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே திட்டம் தீட்ட வேண்டும் என்கிறது அக்கொள்கை. இது வரவேற்கத்தக்கதே. அதே கொள்கை, ஏதேனும் ஒரு வடிவில் தனியார் பங்கேற்பு இருந்தால்தான் ஒன்றிய நிதியுதவி என்றும் நிபந்தனை விதிக்கிறது. எது பொருத்தம் என்று ஆராயும் முன்பே, தனியாருக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. மறுபுறம், மும்பையின் பெஸ்ட் பேருந்துகள் ஒப்பந்த முறைக்குத் தள்ளப்பட்டன. 2025 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஏழையின் ஊர்தி நலிய, தூண்கள் மட்டும் உயர்கின்றன.

ஆகவே எந்த நகரில் புதிய தடம் அறிவிக்கப்பட்டாலும், கட்சிக் கிளைகள் நான்கு கேள்விகளை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருப்பையும் பணியிடத்தையும் அது இணைக்கிறதா? புறநகர் ரயிலோடும் பேருந்தோடும் ஒரே கட்டணச் சீட்டில் இணைகிறதா? உதிரிப் பாகமும் பழுதுபார்க்கும் அறிவும் பொதுத்துறையின் கையில் இருக்குமா? மாற்றுகள் குறித்த ஆய்வு, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே மக்கள் மொழியில் வெளியிடப்பட்டதா?

தூண்கள் எழுந்த பின் எழுப்பும் கேள்விக்குப் பயன் குறைவு. வரைபடம் மேசையில் இருக்கும்போதே அக்கேள்விகள் தெருவில் ஒலிக்க வேண்டும்.